கருப்பட்டி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்

அண்ணாத்தேயிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்துப் போனதில்லை. "எப்டி கீற?" என்று கேட்பார். நாமும் ஊர் வழக்கப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பார்ப்போம். அவர் நகரமாட்டார். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல் நிற்பார். அந்த நிற்பைப் பார்த்தால் நாம் நிஜமாகவே நன்றாக இருக்கிறோமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அப்புறம் என்ன, இடுப்பு வலியில் ஆரம்பித்து வீட்டுக்காரரோடு போட்ட சண்டை வரைக்கும் எல்லாம் வெளியே வரும்.

மண்ணூர்பேட்டை டீக்கடையில் இதனால் ஒரு ரகளையே நடந்தது. ஷிஃப்ட் முடிந்து கூட்டம் நெரிகிற நேரத்தில் டீ மாஸ்டரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். கேட்டதோடு காத்திருக்கவும் செய்தார். அந்த மனுஷனிடம் அதுவரைக்கும் யாரும் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை போல. பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சொந்த ஊரில் தம்பி வேலியைத் தள்ளிப் போட்ட கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் கத்த, கடை முதலாளி ஓடிவந்து, இனிமேல் ஆள் அனுப்பி பார்சல் வாங்கிக்கொள்ளும்படி அண்ணாத்தேயைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

நான் அப்போது ஒரு சிறுவர் சேனலில் எடிட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய அட்டைப்பெட்டி குடோனை வாடகைக்கு எடுத்து, உள்ளே பச்சைத் துணியைக் கட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சேனல் இல்லை. குடோனில் மறுபடி அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கிறார்கள். அண்ணாத்தே எங்கேயோ மைசூர் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள். ஆனால் இன்றைக்கும் யாராவது என்னைக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னாலேயே போனைப் பார்க்கக் குனிந்தால், எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

எடிட்டிங் வேலைக்கென்றே பிறந்தவள் நான். பொறுமை என்பது என் ரத்தத்திலேயே கிடையாது. பால் பொங்குகிறவரை அடுப்படியில் நிற்கமாட்டேன், அதனால் எங்கள் கொரட்டூர் வீட்டில் பால் அடுப்பின் மேல்தான் அதிகம் இருக்கும். அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கதையைத் தொடங்கினால், "பொண்ணு எப்டி, சாப்பாடு எப்டி, அத மட்டும் சொல்லு" என்பேன். இதையெல்லாம் பார்த்துத்தான் அண்ணாத்தே எனக்குக் கத்திரி என்று பேர் வைத்தார். தினமும் காலையில், "இன்னா கத்திரி, எவ்ளோ வெட்டுன?" என்றுதான் விசாரிப்பார். அதற்கும் பதில் வரும்வரை நிற்பார், பாவி மனுஷன்.

அவர் ஒரு ராக் பாடகர். சினிமாப் பாட்டு இல்லை, சாமி பாட்டு இல்லை, கானாவும் இல்லை. தண்ணி லாரி வராத தெருவைப் பற்றியும் சிக்னலில் நின்றுகொண்டே கிழவனாகிப்போன ஒருத்தனைப் பற்றியும், கிட்டாரை அலறவிட்டுப் பாடுவார். எப்போதும் வெளுத்த கறுப்பு டீ ஷர்ட்தான். முதுகுவரை தொங்கும் முடியைப் பூக்கட்டும் நாரால் முடிந்திருப்பார். ஷேர் ஆட்டோவில் கிட்டாருக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு இடம் பிடிப்பார். யாராவது முறைத்தால் கிட்டாரை மடியில் ஏற்றிக்கொண்டு, "இப்ப ஓகேவா?" என்று கேட்டுவிட்டு அதற்கும் பதில் எதிர்பார்ப்பார்.

ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, ராக் என்றால் என்னப்பா என்று அம்மா கேட்டாள். கோபமாகப் பாடுவது என்று விளக்கினார். "யார் மேல கோவம்?" என்றாள் அம்மா. அவ்வளவுதான், சோற்றில் கையை வைத்தபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ரசம் ஆறியது. அம்மா பயந்துபோய் அப்பளத்தை நீட்டிப் பேச்சை மாற்றினாள். அடுத்த வாரம் அம்மாவுக்குப் போன் வந்தது. நன்றாக யோசித்துப் பார்த்ததாகவும், யார் மேல் என்று தெரியவில்லை என்றும், தெரிந்ததும் சொல்வதாகவும் சொன்னாராம். பெற்ற மகள்கூட அவள் கேள்வியை இவ்வளவு மதித்ததில்லை என்று அம்மா அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் குத்தினாள்.

சேனலுக்கு அவர் வந்தது பாட்டுப் போடத்தான். பழைய இசையமைப்பாளர் சினிமா வாய்ப்பு வந்து ஓடிப்போக, பக்கத்திலேயே ஒரு ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்திக்கொண்டிருந்த இவரைப் பிடித்துவந்தார்கள். பல் தேய்க்கிற பாட்டு, கத்திரிக்காய் சாப்பிடுகிற பாட்டு என்று எதைக் கேட்டாலும் போட்டுக் கொடுத்தார். கத்திரிக்காய் பாட்டில் மட்டும், கத்திரிக்காய் பிடிக்காத பிள்ளைக்கும் ஒரு சரணம் வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கினார்.

எங்கள் நிகழ்ச்சியின் நாயகன் கருப்பட்டி. ஸ்பாஞ்சில் செய்த எருமை. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் தேடுவதுதான் அதன் பிழைப்பு. தேடுகிற பொருள் அதன் மேலேயே இருக்கும், பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்கு மட்டும் தெரியாது. கருப்பட்டிக்குக் குரல் கொடுத்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாளில் அண்ணாத்தே மைக் முன்னால் போய் நின்றார். வருஷக்கணக்கில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல், எருமைக்கு அப்படிப் பொருந்தியது. அதற்குப் பிறகு கருப்பட்டியும் அவரும் ஒன்றாகிவிட்டார்கள். எனக்குத் தலைவலி பிடித்ததும் அன்றைக்குத்தான்.

ஏனென்றால் கருப்பட்டி, "என் கண்ணாடி எங்க? பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. ஒரு நொடி இல்லை, இரண்டு நொடி இல்லை. எனக்கு டேப் நின்றுபோய்விட்டதோ என்று தோன்றும் அளவுக்கு. கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தால், அண்ணாத்தே மைக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். அப்புறம்தான், "ஆமா... சரியாச் சொன்ன" என்கிறார். யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

நான் அந்த இடத்தை வெட்டினேன். அவர் வந்து ஒட்டச் சொன்னார். நான் பாதி ஒட்டினேன். அவர் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு நேரம் எதற்கு, பிள்ளைகள் என்ன பரீட்சையா எழுதுகிறார்கள் என்று கேட்டேன். அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவேயில்லை.

"கத்திரி, ஊட்ல ஒரு புள்ள டிவி பாத்துகினு கீது. எருமை கேக்குது. புள்ளைக்கு அது காதுல உழணும். அப்பால யோசிக்கணும். அப்பால திரும்பி அம்மா மூஞ்சியப் பாக்கணும், சொல்லலாமா வேணாமான்னு. அப்பால எச்சி முழுங்கணும். அப்பாலதான் வாய் தொறக்கும். நீ அது எச்சி முழுங்கறப்பவே வெட்டிடற."

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் அவரிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சரி சரி, ஒட்டித் தொலைக்கிறேன் என்று ஒட்டினேன். அந்த நேரம் முழுக்கக் கருப்பட்டி திரையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும்.

இதே பழக்கத்தை அவர் பாட்டு மேடைக்கும் கொண்டுபோனதுதான் கொடுமை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்கு என்னையும் கூட்டிப்போனார். டிரம்ஸ் இடிக்கிறது, பையன்கள் குதிக்கிறார்கள், நடுப்பாட்டில் இவர், "நீ இன்னா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். மொத்த வாத்தியமும் நின்றது. இவர் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொல்ல, எல்லாரும் போனில் டார்ச் அடித்து ஊளையிட்டார்கள். எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு மேடையேறினார். நான் கடைசி வரிசையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். திரும்பி வரும்போது, யாராவது பதில் சொன்னார்களா, சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை என்று என்னிடம் விசாரித்தார். இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது புரோகிராம் ஹெட் வந்தார். செய்திச் சேனலிலிருந்து வந்தவர். மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் நடுவில் பத்து வருஷம் இருந்திருக்கிறார். கருப்பட்டியின் ஒரு எபிசோடைப் பார்த்தவர், முதல் கேள்வி வந்து அமைதியானதும் எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருக்கிறது, நிகழ்ச்சியே அப்படித்தான் என்று தெரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரத்தில் பெற்றோர் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள் என்றார். வேண்டுமானால் நாலு பிள்ளைகளை அழைத்துவந்து, "கண்ணாடி மூக்குல இருக்கு" என்று கத்தவிட்டு ரெக்கார்ட் செய்து அந்த இடத்தில் போட்டுவிடலாம் என்று வழியும் சொன்னார். எல்லாச் சேனலிலும் செய்வதுதான். எனக்கும்கூட அது நியாயமாகத்தான் பட்டது.

அண்ணாத்தே குரலை உயர்த்தவில்லை. "அப்ப ஊட்ல கீற புள்ள எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தார். ஹெட் ஏதேதோ சொன்னார், டிஆர்பி, விளம்பரம், என்னென்னவோ. எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்துபோய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டுவோம். அந்த அமைதியில் பிள்ளைகள் பதில் சொன்னால் அப்படியே இருக்கட்டும். சொல்லாவிட்டால், நிரப்பிவிட வேண்டியதுதான். நிரப்பினால் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று அண்ணாத்தே சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நாளைக்கு லீவு என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் நிஜமாகவே வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் குடோனில் காலையில் போய் உட்கார எனக்கு இருந்த ஒரே காரணம், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் உயிரை வாங்கும் அந்த மனுஷன்தான்.

இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். ஆவடியில் அவர் பிறந்து வளர்ந்த டிபென்ஸ் குவார்ட்டர்ஸ். அங்கே எந்தப் பிள்ளையும் வாயை மூடி அவர் பார்த்ததில்லையாம். எபிசோடை நான் வெட்டிக் கொடுத்தேன். தொப்பி தொலைந்த கதை. தொப்பி கருப்பட்டியின் இடது கொம்பில் தொங்கும். முதல் கேள்விக்குப் பிறகு அண்ணாத்தே விட்டிருந்த இடைவெளியோடு, யாருக்கும் சொல்லாமல், நானே இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒட்டினேன். வாழ்க்கையில் நான் வெட்டாமல் சேர்த்தது அது ஒன்றுதான்.

நாங்கள் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு வெளியிலிருந்து ஒரு ஆபீசர் வருகிறார் என்றால் ஒரே அர்த்தம்தான், இன்ஸ்பெக்‌ஷன். மரத்துக்கெல்லாம் அடியில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சமுதாயக்கூட வாசலில் கோலம். பெண் பிள்ளைகள் பட்டுப்பாவாடையிலும் பையன்கள் முழுக்கைச் சட்டையிலும், முகமெல்லாம் பவுடரோடு, உயர வரிசைப்படி ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹெட் உள்ளே நுழைந்ததும் மொத்தமாக எழுந்து குட்மார்னிங் சார் என்றார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மைக்கில், நிகழ்ச்சி முடியும்வரை குழந்தைகள் பரிபூரண அமைதி காக்க வேண்டும் என்று அறிவித்தார். சுவரோரம் நின்ற அம்மாக்களில் ஒருத்தி, நாகர்கோவில்காரி போலிருக்கிறது, தன் மகளைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"வாயத் தொறந்தா வீட்டுக்கு வந்து பேசிக்கிடுதேன், கேட்டியா."

நான் அண்ணாத்தேயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளைகளிடம் பேசலாமென்று சொன்னேன், சொல்லிக்கொடுத்தால் அது பதில் ஆகாது என்று தலையாட்டிவிட்டார். விளக்கை அணைத்தார்கள். திரையில் கருப்பட்டி வந்தது. கட்டிலுக்கு அடியில் தேடியது, தண்ணீர்த் தொட்டிக்குள் தேடியது, தொப்பி அதன் கொம்பில் ஆடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. கருப்பட்டி எங்களைப் பார்த்துத் திரும்பியது.

"என் தொப்பி எங்க? பாத்தீங்களா?"

அமைதி. அண்ணாத்தே சொன்னது அப்படியே என் கண்ணெதிரே நடந்தது. கேள்வி காதில் விழுந்தது. யோசித்தார்கள். பிறகு ஜமக்காளத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி அம்மாக்களின் முகத்தைப் பார்த்தன. அம்மாக்கள் கண்ணை உருட்டினார்கள். தலைகள் மறுபடி திரைக்குத் திரும்பின. எச்சில் விழுங்கியதோடு சரி. ஒரு சின்னப் பெண் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கருப்பட்டி கண்ணைச் சிமிட்டியது. நான் பெருந்தன்மையாக ஒட்டி வைத்த கூடுதல் நேரம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. பாவி, ஏன் ஒட்டினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அண்ணாத்தே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முன்வரிசை நாற்காலியில் ஹெட்டின் கால் ஆட ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்துப் பட்டனைக் கழற்றினார். இந்தப் பக்கம் நெளிந்தார், அந்தப் பக்கம் நெளிந்தார். கருப்பட்டியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் முடியவில்லை.

"உன் கொம்புலதான்டா இருக்கு, மாடே!"

கூடமே அதிர்ந்தது. சரியாக அந்த நேரத்தில் கருப்பட்டி தலையாட்டி, "ஆமா... சரியாச் சொன்ன" என்றது.

ஹெட் நாற்காலி நுனியில் அப்படியே உறைந்துபோனார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், அம்மாக்களைப் பார்த்தார்கள். அம்மாக்கள் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் மைக்கைப் பார்த்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசரே வாயைத் திறந்துவிட்டார், இனி என்ன சட்டம் இருக்கிறது? வாயைப் பொத்தியிருந்த சின்னப் பெண் கையை எடுத்தாள்.

"அது மாடு இல்ல அங்கிள். எருமை."

அதற்குப் பிறகு ஒருத்தராலும் அடக்க முடியவில்லை. அடுத்த கேள்விக்குச் சமுதாயக்கூடமே பதில் சொன்னது. கருப்பட்டி மூக்குக்கயிற்றைத் தேடியபோது நாகர்கோவில் அம்மாவே, "மூக்குல கெடக்கு, நல்லா பாரு" என்றாள். கேள்வி இல்லாத இடத்திலெல்லாம்கூடப் பதில் வந்தது. நான் இருட்டில் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன்.

ஹெட் கேசரியும் காபியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். காரில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இடத்தை வெட்ட வேண்டாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் கத்தியதை ஆபீஸில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன், அன்றைக்கே, எல்லாரும் போன பிறகு நானும் அண்ணாத்தேயும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஜமக்காளத்தில் பவுடர் வாசனை. அவர் பாதி சுருட்டிய ஒயரோடு என் முன்னால் வந்து நின்றார்.

"நீ மட்டும் சொல்லவே இல்லியே, கத்திரி."

நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று பொரிந்து தள்ளினேன். ஒட்டியவளே நான், தொப்பி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா, கனவில்கூட அந்தக் கொம்புதான் வருகிறது, நேரமாகிறது, வண்டி காத்திருக்கிறது என்று அடுக்கினேன். அவர் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்தார். கரகரத்த குரலில் கேட்டார்.

"என் தொப்பி எங்க? பாத்தீங்களா?"

கேட்டுவிட்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். சிரித்துச் சமாளித்தேன். ஒயரை எடுத்தேன், கீழே வைத்தேன். மனுஷன் அசைந்தால்தானே. வெளியே ஹாரன் அடித்தார்கள். நான் என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அங்கே யார் முகத்தைத் தேடினேனோ தெரியாது, யாரும் இல்லை. எச்சிலை விழுங்கினேன்.

"கொம்புல," என்றேன்.

"ஆமா... சரியாச் சொன்ன," என்றது கருப்பட்டி.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.